கார்பன் வரி வந்தால் ஆயில் இன்ஜின்காரன் கட்டுவான், இலவச மின்சாரக்காரன்?

வெட்டாறு:
ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஜனவரி முதல் எல்லைக் கார்பன் கட்டணத்தை, அதாவது இறக்குமதிச் சரக்கைத் தயாரிக்கும்போது வந்த புகைக்கான கட்டணத்தை, நடைமுறைப்படுத்திவிட்டது. இரும்பு, சிமெண்ட், அலுமினியம், உரம் எல்லாம் மாட்டும். சரக்கு அனுப்பும் நாட்டிலேயே கார்பனுக்கு விலை கட்டியிருந்தால் அதைக் கழித்துக்கொள்வார்கள். எப்படியும் கொடுக்கப்போகிற பணத்தை நாமே வசூலித்து நம் கஜானாவில் போட்டுக்கொள்ளலாமே? இந்தியாவும் நேரடியாகக் கார்பன் வரி போடவேண்டும் என்பது என் கட்சி. டெல்டாக்காரர்கள் என்ன சொல்கிறீர்கள்?

கடைமடை விவசாயி:
நான் இரும்பும் ஏற்றுமதி செய்யவில்லை, சிமெண்டும் செய்யவில்லை. எனக்கு வரி என்றால் டீசல். 2024-ல் மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12-ல் திறக்கவில்லை, ஜூலை கடைசியில்தான் திறந்தார்கள். அந்தத் தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வருவதற்குள் குறுவைப் பட்டமே போய்விட்டது. நாற்றங்காலைக் காப்பாற்ற இன்ஜின் ஓட்டியவனிடம் போய் “புகை விடுகிறாய், காசு எடு” என்பீர்களா?

குடந்தை ஆடிட்டர்:
அண்ணே, கோபம் நியாயம்தான். கணக்கைப் பார்த்துவிட்டுத் திட்டுங்கள். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.68 கிலோ கரியமில வாயு வரும். டன்னுக்கு 1,000 ரூபாய் வரி என்று வைத்தால் லிட்டருக்கு 2 ரூபாய் 68 காசு. ஒவ்வொரு வண்டிக்குப் பின்னாலும் நின்று புகையை அளக்கவேண்டியதில்லை. சுரங்க வாசலிலும் சுத்திகரிப்பு ஆலை வாசலிலும் வாங்கிவிட்டால் விலை தானாகக் கீழே இறங்கிவரும்.

அரசுகளுக்கு இது பிடிப்பதற்கு அந்தச் சுலபம் ஒரு காரணம். வருமானமும் காரணம், அதை மறைப்பானேன். ஆனால் பொருளாதாரக்காரர்கள் சொல்வது வேறு. யார் எவ்வளவு குறைக்கவேண்டும் என்று அதிகாரி உட்கார்ந்து முடிவு செய்யவேண்டியதில்லை. குறைப்பது யாருக்கு மலிவோ அவர் குறைப்பார், முடியாதவர் வரியைக் கட்டுவார். அடுத்தவன் தலையில் விழும் சேதத்தையும் விலையில் சேர் என்று ஆர்தர் பிகு என்ற பொருளாதார அறிஞர் 1920-லேயே எழுதிவைத்தார். 1990-ல் பின்லாந்து முதலில் போட்டது, மறுவருடம் சுவீடன்.

கடைமடை விவசாயி:
2 ரூபாய் 68 காசு உங்கள் பேனாவில். எங்கள் பக்கம் ஓடும் பெல்ட் மெஷின் அறுவடையில் மணிக்கு ஏழெட்டு லிட்டர் குடிக்கும். உங்கள் கணக்குப்படி மணிக்கு இருபது ரூபாய் கூடவேண்டும். மெஷின்காரர் நூறு ரூபாய் ஏற்றுவார். மழை வருமுன் அறுத்தாகவேண்டும் என்று நிற்பவன் பேரம் பேசுவானா? சுவீடன் கதையையும் முழுசாகச் சொல்லுங்கள். அங்கே எண்ணெய் எரித்து வீட்டைச் சூடாக்கியவர்களுக்கு மரக்கழிவு எரிக்கும் பொதுக் கொதிகலன் என்று மாற்று வழி இருந்தது, மாறிக்கொண்டார்கள். எனக்கு எது? இலவச மின் இணைப்புக்கு எழுதிக்கொடுத்துவிட்டு வரிசையில் நிற்கிறேன்.

கோரையாறு:
இந்த இடத்தில்தான் ஆடிட்டர் சார் கணக்கு உதைக்கிறது. ஒரே வாய்க்கால், பக்கத்துப் பக்கத்து வயல். இவர் டீசல் இன்ஜின், அடுத்தவர் இலவச மின்சார மோட்டார். அந்த மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியில் வருகிறது. நிலக்கரிக்கு வரி போட்டால் மோட்டார்காரருக்கு ஒரு பைசா ஏறாது, பில்லே கிடையாதே. அரசு தரும் மானியத் தொகைதான் வீங்கும். “விலை ஏறினால் பழக்கம் மாறும்” என்பதுதான் இந்த வரியின் உயிர். விலையே போய்ச் சேராத இடத்தில் பழக்கம் எப்படி மாறும்? அங்கே வலது பையிலிருந்து இடது பைக்குப் பணம் மாறும், அவ்வளவுதான். டீசல்காரர் மட்டும் நிஜமாகக் கட்டுவார்.

வெட்டாறு:
அதற்குத்தான் வசூலித்ததைத் திருப்பிக் கொடுப்பது. கனடாவில் 2019 முதல் எரிபொருளுக்குக் கட்டணம் போட்டு, பெரும்பகுதியைக் குடும்பங்களின் கணக்கிலேயே போட்டார்கள். குறைவாக எரிப்பவருக்கு லாபம்கூட உண்டு. இங்கே ஏக்கர் கணக்கில் வங்கியில் போடலாம்.

கோரையாறு:
போட்டும் என்ன ஆயிற்று? 2025 ஏப்ரலில் பொதுமக்கள் மீதான அந்தக் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். பெட்ரோல் பங்கில் ஏறும் விலை தினமும் கண்ணில் படும், வங்கியில் விழும் பணம் படாது. ஆஸ்திரேலியா 2012-ல் போட்டு 2014-ல் தூக்கியது. பிரான்சில் 2018-ல் எரிபொருள் வரியை எதிர்த்து மஞ்சள் சட்டைக்காரர்கள் தெருவுக்கு வந்ததும், மறுவருடம் ஏற்ற இருந்ததைக் கைவிட்டார்கள்.

கடைமடை விவசாயி:
அதோடு, ஏக்கர் கணக்கு என்றால் பட்டாதாரருக்குப் போகும். குத்தகைக்கு உழுபவன் டீசல் வாங்குவான், பணம் சென்னையில் இருக்கும் நிலக்காரர் கணக்கில் விழும். புயல் நிவாரணத்திலேயே பார்த்துவிட்டோம்.

குடந்தை ஆடிட்டர்:
குத்தகை விஷயம் பெரிய ஓட்டைதான், அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் நம் நாட்டில் இது புதிதும் இல்லை. 2010-ல் நிலக்கரி டன்னுக்கு 50 ரூபாய் தூய எரிசக்தி செஸ் என்று ஒரு தனி வரி போட்டார்கள். 2016-ல் அது 400 ஆனது. 2017-ல் ஜிஎஸ்டி வந்ததும் பெயர் மாறி, ஜிஎஸ்டியால் வருமானம் குறைந்த மாநிலங்களுக்கான இழப்பீட்டு நிதிக்குப் போய்விட்டது. 2025 செப்டம்பரில் அந்த 400-ஐயும் எடுத்துவிட்டு நிலக்கரி ஜிஎஸ்டியை 5-லிருந்து 18 சதவீதமாக்கினார்கள். பெயரில் பச்சை இல்லையே தவிர வரி இருக்கிறது.

கோரையாறு:
சார், நீங்களே எனக்கு வக்காலத்து வாங்குகிறீர்கள். சூரிய மின்சாரத்துக்கு என்று வாங்கிய காசு கடைசியில் ஜிஎஸ்டி பள்ளத்தை மூடப் போனது. சதவீத வரி இன்னும் மோசம். விலை கூடிய நல்ல கரிக்கு அதிக வரி, மட்டமான கரிக்குக் குறைவு. புகைக்கும் வரிக்கும் இருந்த தொடர்பே அறுந்துபோயிற்று.

வெட்டாறு:
சரி, வயலுக்கே வருவோம். டீசலைவிட நெல் வயலில் தேங்கும் தண்ணீரிலிருந்து வரும் மீத்தேன் பெரிய விஷயம். காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலைக் காயவிட்டுப் பிறகு பாய்ச்சினால் குறையும். டென்மார்க் 2030 முதல் கால்நடைகளின் வாயுவுக்கே வரி போடப்போகிறது.

கடைமடை விவசாயி:
தம்பி, காய்ச்சிப் பாய்ச்ச மடை என் கையில் இருக்கவேண்டும். முறை வைத்துத் தண்ணீர் விடும்போது வந்ததைத் தேக்கி வைக்கத்தான் பார்ப்போம். அடுத்த முறைக்கு வருமா என்று எவன் கண்டான்? அதற்கும் வரி என்று எவராவது வந்தால் கோட்டாட்சியர் ஆபீஸ் வாசலில் டிராக்டரோடு வந்து நிற்பேன். இன்ஜினுக்குப் பதில் சோலார் பம்புசெட் கொடுங்கள், வரிசையில் நிற்பவனுக்கு முதலில். கொடுத்து இரண்டு போகம் ஓடட்டும், அப்புறம் டீசலுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் போடுங்கள்.

குடந்தை ஆடிட்டர்:
அந்தப் பம்புசெட்டுக்குப் பணம் எங்கிருந்து வரும் அண்ணே?

கோரையாறு:
நிலக்கரியில் எடுக்கிறார்களே, அதிலிருந்து.