மனசு கனக்கும்போது கொடைக்கானல் நடை: மாசி முதல் சித்திரை வரை

(பலர் சேர்ந்து எழுதிய குறிப்புகள். ஒவ்வொரு பகுதிக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

மேல்மலை

மனசு கனத்துக் கிடக்கிற நாளில் மலைக்குக் கிளம்புபவர்கள் பெரும்பாலும் பெரிய இடமாகத் தேடுகிறார்கள். சிகரம், அருவி, ட்ரெக்கிங் என்று பட்டியல் போடுவார்கள். சோர்வில் இருப்பவருக்கு முடிவெடுப்பதே பெரும்பாடு. வழி இரண்டாகப் பிரிகிற ஒவ்வொரு இடமும் அவருக்கு ஒரு சுமை. யோசிக்காமல் கால் போக்கில் நடக்கக்கூடிய பாதைதான் தேவை. கொடைக்கானலில் அப்படிப்பட்டவை ஊருக்குள்ளேயே இருக்கின்றன: ஏரிச்சாலை, கோக்கர்ஸ் வாக், பிரையண்ட் பூங்கா. வண்டி எடுக்காமலேயே மூன்றுக்கும் போய்விடலாம்.

பழைய தமிழ் நூல் கணக்கில் இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். கொடைக்கானலில் அந்த இரண்டு மாதமும் சீசன் கூட்டம், சாலையில் வண்டி நகராது. நடப்பதற்கான வசந்தம் மாசியில் தொடங்கி சித்திரை முதல் வாரத்தோடு முடிந்துவிடும். மாசியில் பேரி மரமும் ப்ளம்ஸ் மரமும் வெள்ளையாகப் பூத்து நிற்கும். சோலை ஓரங்களில் காட்டுப் பூவரசு (ரோடோடென்ட்ரான்) சிவப்பாகத் தெரியும். பங்குனியில் ஜகரண்டா ஊதா நிறத்தில் தெருவெல்லாம் உதிரும். பகலில் வெயில் 20 டிகிரியை ஒட்டி, விடியலில் 10 முதல் 12. செவ்வாய், புதன், வியாழன் வாருங்கள்.

இதே மாதங்கள்தான் காட்டுத்தீக் காலமும். புல்வெளி காய்ந்து, காற்றும் சேர்ந்துகொண்டால் தீ சரிவில் மேல்நோக்கி மனிதன் ஓடுவதைவிட வேகமாக ஏறும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தது இப்படித்தான். அதனால் இந்தக் காலத்தில் வனத்துறை காட்டுப் பாதைகளை மூடிவைக்கும். யாராவது "நான் கூட்டிட்டுப் போறேன் வாங்க" என்று கூப்பிட்டாலும் போகாதீர்கள். அருவிகளை எதிர்பார்த்தும் வர வேண்டாம், பங்குனியில் கரடிச் சோலை அருவியில் பாறைதான் தெரியும்.

சொந்த வண்டி, டாக்சி என்றால் இ-பாஸ் (இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டு) கட்டாயம், 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. அரசு பஸ்ஸில் வந்தால் தேவையில்லை. 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் எவர்சில்வர் பாட்டில் கொண்டுவாருங்கள்.

ஏரிக்கரை

மேல்மலை அண்ணன் இடத்தைச் சொல்லிட்டார், நடையை நான் சொல்றேன்.

ஏரி 1863-ல் லெவிஞ்ச் என்ற ஆங்கிலேய அதிகாரி ஓடையை மறித்துக் கட்டியது. சுற்றிவந்தால் சுமார் 5 கிலோமீட்டர், ஏறக்குறைய சமதளம். நிதானமாக நடந்தால் ஒன்றே கால் மணி முதல் ஒன்றரை மணி நேரம். ஏரி நட்சத்திரம் மாதிரி கை விரித்துக் கிடப்பதால் பாதை வளைந்துகொண்டே போகும். மொத்தத் தூரமும் ஒரேயடியாகக் கண்ணில் படாது. மனம் சோர்ந்தவர்களுக்கு இது ரொம்ப உதவும். நேர்ச்சாலையில் "இன்னும் அவ்வளவு தூரமா" என்று தோன்றுவது இங்கே தோன்றாது.

முதல் நாளே முழுச் சுற்று போகக் கூடாது. பாதியில் கால் ஓய்ந்தால் முன்னே போனாலும் இரண்டரை, திரும்பினாலும் இரண்டரை. அந்த இடத்தில்தான் "இதைக்கூட முடிக்க முடியலையே" என்ற எண்ணம் வந்து உட்காரும். படகுத் துறையிலிருந்து கடிகாரம் பார்த்து 15 நிமிடம் போய், அப்படியே திரும்புங்கள். அரை மணி நேரம், அவ்வளவுதான். இரண்டாம் நாள் 25 நிமிடம் போய்த் திரும்பலாம். மூன்றாம் நாள் விருப்பப்பட்டால் முழுச் சுற்று.

காலை ஆறேகாலுக்குள் இறங்கிவிட வேண்டும். அந்த நேரம் தண்ணீர் மேல் ஆவி மாதிரி புகை தவழும், ஊர்க்காரர்கள் சிலர் மட்டும் நடப்பார்கள். ஒன்பது மணிக்கு மேல் வாடகை சைக்கிள், குதிரை, ஹாரன் எல்லாம் சேர்ந்துவிடும். ஏரி வலக்கைப் பக்கம் வரும்படி நடந்தால் நம் பக்கத்து வண்டிகள் எதிரே வரும், பின்னாலிருந்து திடுக்கிட வைக்காது.

எல்லாவற்றையும் முந்தின ராத்திரியே எடுத்து வைத்துவிடுங்கள்: காலுறை, ஷூ, ஸ்வெட்டர், குல்லா, முக்கால் லிட்டர் தண்ணீர், இரண்டு கடலை மிட்டாய், கைச்செலவுக்கு 100 ரூபாய். காலையில் சோர்வு அதிகமாக இருக்கும், அப்போது காலுறை தேடினால் நடை நின்றுவிடும். எழுந்ததும் "போகலாமா வேண்டாமா" என்று கேட்டுக்கொள்ளாமல் ஷூவை மாட்டிக்கொண்டு அறை வாசலுக்கு வந்து நில்லுங்கள். அங்கே நின்று ஐந்து நிமிடம் கழித்தும் முடியவில்லை என்றால் உள்ளே போய்ப் படுக்கலாம், தப்பில்லை. வாசல்வரை வந்தவர்கள் பெரும்பாலும் நடந்துவிடுவார்கள்.

ஒரு எச்சரிக்கை: உதிர்ந்த ஜகரண்டாப் பூ பார்க்க மெத்தை மாதிரி இருக்கும். பனி ஈரத்தில் வாழைப்பழத் தோல் மாதிரி வழுக்கும். சரிவில் அதன்மேல் கால் வைக்காதீர்கள்.

செவிலியர்_மனநலப்பிரிவு

மனநல மருந்து சாப்பிடுகிறவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள்.

கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம். கடல்மட்டத்தில் இருப்பதைவிடக் காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. முதல் நாள் சிறிய ஏற்றத்திலும் மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும், ராத்திரி தூக்கம் மேலோட்டமாக இருக்கும். பதற்ற நோய் இருப்பவர்கள் இதை "அட்டாக் வருது" என்று எடுத்துக்கொண்டு பயந்து, பயத்தினால் இன்னும் வேகமாக மூச்சுவிட்டு, நிஜமாகவே பதற்றத்துக்குள் போய்விடுவார்கள். நின்று, உட்கார்ந்து, மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்குங்கள்: நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். உட்கார்ந்ததும் ஐந்து நிமிடத்தில் அடங்கினால் பெரும்பாலும் ஏற்றத்தின் வேலைதான். நெஞ்சில் வலி, கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, வியர்த்துக் கொட்டுதல் இருந்தால் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நடையின் வேகத்துக்கு ஒரே அளவுகோல், பேச முடிய வேண்டும். முழு வாக்கியம் சொல்ல முடியாமல் திணறினால் வேகம் அதிகம்.

லித்தியம் (மனநிலை ஏற்ற இறக்கத்துக்குத் தரும் மருந்து) எடுப்பவர்கள் தண்ணீரில் கஞ்சத்தனம் காட்டக் கூடாது. குளிர் ஊரில் தாகம் தெரியாது, ஆனால் உடம்பில் நீர் குறையும். நீர் குறைந்தால் ரத்தத்தில் லித்தியம் அளவு ஏறும். கை நடுக்கம் கூடுவது, வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம் தெரிந்தால் அன்றே டாக்டரைப் பாருங்கள். உப்பைத் திடீரென்று குறைப்பதும் கூடாது. மலைப்பாதை வாந்திக்குக் கடையில் தரும் மாத்திரைகள் பல தூக்கம் வரவைப்பவை, தூக்க மருந்தோடு சேர்ந்தால் மறுநாள் காலைவரை மந்தம் போகாது. கிளம்பும் முன்பே உங்கள் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

"மலையில நல்லா இருக்கு, மாத்திரை வேண்டாம்" என்று நிறுத்துவது அடிக்கடி நடக்கிற தவறு. சில மருந்துகளை நிறுத்திய இரண்டு மூன்று நாளில் தலைசுற்றலும் எரிச்சலும் வரும், அதைப் பார்த்து நோய் திரும்பிவிட்டது என்று கலங்குவார்கள். மாத்திரையை இரண்டு நாள் கூடுதலாக எண்ணி, பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வையுங்கள்.

சாக வேண்டும், இருந்து பயனில்லை என்ற எண்ணம் வருகிறவர்கள் இந்தப் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். தனியாக மலைக்கு வருவது இப்போது வேண்டாம். வீட்டில் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், டாக்டரைப் பாருங்கள். 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. மலை அங்கேயேதான் இருக்கும், அடுத்த மாசிக்குப் போகலாம்.

துணைக்குப்போகிறவர்

செவிலியர் அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், கூட நடப்பவர்களுக்காக. எதிரெதிரே உட்கார்ந்து பேசச் சொன்னால் வாய் திறக்காதவர், பக்கத்தில் நடக்கும்போது தானாகப் பேசுவார். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதுதான் காரணம். அரை அடி பின்னால் நடங்கள், வேகத்தை அவர் தீர்மானிக்கட்டும். "பாரு எவ்வளவு அழகா இருக்கு" என்று சொல்லாதீர்கள். அழகை உணர முடியாமல் போவதே மனச்சோர்வு நோயின் ஒரு பகுதி, அவருக்கு அது குற்ற உணர்வாக மாறும். யூகலிப்டஸ் இலை ஒன்றைக் கசக்கி மோந்துவிட்டு அவர் கையில் கொடுங்கள், போதும். முதலில் மூக்கில் சுள்ளென்று ஏறும், பிறகு தொண்டைவரை குளிரும். அந்த இரண்டு நொடி மனம் உடம்புக்குத் திரும்பும்.

போட்டோ கேட்டு நிறுத்தாதீர்கள். "சிரி" என்று சொல்லவே வேண்டாம்.

பனிமூட்டம்

கோக்கர்ஸ் வாக் பற்றி யாரும் விரிவாக எழுதவில்லை. 1872-ல் போட்ட நடைபாதை, சுமார் ஒரு கிலோமீட்டர், மலையின் விளிம்பை ஒட்டியே போகும். கம்பித் தடுப்பு உண்டு, நுழைவுச் சீட்டு உண்டு. காலையில் தெளிவாக இருந்தால் கீழே பெரியகுளம் சமவெளி, சில நாள் வைகை அணையின் நீர்ப்பரப்பும் மினுங்கும். மதியத்துக்கு மேல் சமவெளிச் சூட்டில் காற்று மேலேறி, குளிர்ந்து, மூடுபனியாக விளிம்பில் முட்டும். பத்து நிமிடத்தில் எதுவும் தெரியாமல் போய்விடும். "காசு கொடுத்து வந்தோம், ஒண்ணும் தெரியல" என்று திரும்புகிறார்கள். இருபது நிமிடம் காத்திருங்கள், பல நாள் விலகும்.

அந்த மூடுபனியில் ஒன்று கிடைக்கும். பள்ளத்தாக்கு முழுக்கப் பனி நிரம்பி, மாலைச் சூரியன் முதுகுக்குப் பின்னால் தாழ்ந்து இருந்தால், எதிரே பனித்திரையில் உங்கள் நிழல் பெரிதாக விழும். தலையைச் சுற்றி வானவில் நிறத்தில் ஒரு வளையம் இருக்கும். பிராக்கன் நிழல் என்பார்கள். நுண்ணிய நீர்த்துளிகள் ஒளியை வந்த திசையிலேயே திருப்பி அனுப்புவதால் வருவது. மூன்று பேர் சேர்ந்து நின்றாலும், ஒவ்வொருவருக்கும் தன் தலையைச் சுற்றித்தான் வளையம் தெரியும். பக்கத்தில் நிற்பவர் தலையில் தெரியாது, அவரோ தன் தலையில் பார்த்துக்கொண்டிருப்பார். கை அசைத்தால் நிழலும் அசைக்கும். வாரக்கணக்கில் கண்ணாடி பார்க்கவே பிடிக்காதவர்கள்கூட அந்த இடத்தில் கையை உயர்த்திப் பார்ப்பார்கள். இதைத் திட்டமிட்டுப் பார்க்க முடியாது. மூன்றரை முதல் ஐந்து மணிவரை அங்கே இருந்தால் வாய்ப்பு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

சித்திரை பிறந்தபின் மதியம் இடிமழை சகஜம். இடி கேட்டதும் விளிம்பைவிட்டு, தனி மரத்தையும் விட்டு, கட்டிடத்துக்குள் போய்விடுங்கள்.

மேல்மலை

நடையில் எதிர்ப்படும் விலங்குகள் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காட்டெருமை இப்போது ஊருக்குள் சாதாரணம், விடியலிலும் அந்தியிலும் வரும். அசையாமல் நிற்பதால் சாது என்று நினைத்துவிடுவார்கள். ஒரு பஸ் நீளத்தைப் போல மூன்று மடங்கு இடைவெளி விடுங்கள், கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் போகாதீர்கள், பிளாஷ் அடிக்காதீர்கள். தலையைத் தாழ்த்திப் புஸ்ஸென்று மூச்சுவிட்டால் அது எச்சரிக்கை. முதுகு காட்டி ஓடாமல், பக்கவாட்டில் மெல்ல விலகுங்கள். குரங்குக்குப் பாலிதீன் சத்தம் போதும், கடலை மிட்டாயைத் துணிப்பையில் சுற்றி வையுங்கள்.

காலையில் யாரோ ஆள் சீட்டியடிப்பது போல ராகம் தப்பித் தப்பிக் கேட்டால் திரும்பிப் பார்க்க வேண்டாம், அது சீகாரப் பூங்குருவி. ஓடை ஓரத்தில் நின்று கேளுங்கள்.

ஏரிக்கரை

கடைசியாக, இறங்குகிற நாள். மூன்று நாள் நன்றாக இருந்துவிட்டு வத்தலகுண்டு தாண்டியதும் வெக்கை முகத்தில் அடிக்கும்போது மனசு பொத்தென்று விழும். இது பலருக்கும் நடப்பது, நடை வீணாகிவிட்டது என்று அர்த்தமில்லை. காலை பஸ்ஸிலேயே இறங்குங்கள், மதுரைக்கு நாலு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். முன் பாதியில் ஜன்னல் சீட், வயிற்றில் இரண்டு இட்லிக்கு மேல் வேண்டாம். மறுநாள் காலை ஆறேகாலுக்கு அதே ஷூவை மாட்டிக்கொண்டு வீட்டுத் தெருவில் 15 நிமிடம் போய்த் திரும்புங்கள். இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரிடம் நடத்தி 2019-ல் வெளியான ஆய்வில், வாரத்துக்கு 120 நிமிடமாவது பசுமையான இடங்களில் இருந்தவர்கள் உடல்நலமும் மனநிறைவும் கூடுதல் என்று சொன்னார்கள், ஒரேயடியாக இருந்தாலும் பிரித்து இருந்தாலும் வேறுபாடில்லை. தினம் 20 நிமிடம் போட்டாலே கணக்கு தாண்டிவிடும். கண்மாய்க்கரையோ பூங்காவோ எது பக்கமோ அங்கே போங்கள். ஷூவை மட்டும் இன்று ராத்திரியே வாசலில் வைத்துவிடுங்கள்.