கூட்டுக் கதவைச் சாத்தினா நாய் கம்பியைக் கடிக்குது, பழக்கினவங்க வழி சொல்லுங்க

நாங்க இலங்கை மலையகத்துல பொகவந்தலாவைப் பக்கம், தேயிலை மலையை ஒட்டின லயத்துல (தோட்டத்து வரிசை வீட்டுல) இருக்கோம். எங்க மணி நாட்டு நாய், பெட்டை, ரெண்டு வயசு. ராத்திரியில சிறுத்தை வாசல் வரைக்கும் வருது. போன மாசம் கீழ் லயத்துல ஒரு நாயைத் தூக்கிடுச்சு. அதனால இஸ்தோப்புல (வீட்டு முன் திண்ணையில) கம்பிக் கூடு வச்சுப் பழக்குறோம். நின்னு திரும்பிப் படுக்க இடம் தாராளமா இருக்கு, குளிருக்குச் சாக்கும் கம்பளியும் போட்டிருக்கு.

கதவு திறந்திருந்தா தானாப் போய்ப் படுக்கும், சாப்பாடும் உள்ளதான். கொண்டி போட்டு நாங்க எழுந்ததும் மூச்சு வாங்குது, எச்சில் வழியுது, கம்பியைக் கடிக்குது. நேத்து ஈறு கிழிஞ்சு கம்பியெல்லாம் ரத்தம். பார்க்க முடியல, உடனே திறந்துவிட்டோம். பக்கத்துல உட்கார்ந்தா மட்டும் சத்தமில்லாமப் படுத்திருக்கும்.

கோழி ஈரல் போட்டுப் பார்த்தாச்சு. துணியால மூடினா இன்னும் மோசம். படுக்க முன்னால மூத்திரம் போகக் கூட்டிட்டுப் போறோம். மிருக வைத்தியரும் உடம்புல கோளாறு இல்லைன்னுட்டார். குட்டியிலேயே பழக்கணும்னு சிலர் சொல்றாங்க. வளர்ந்த நாயும் பழகும், நாள்தான் கூடும்னு நான் நம்புறேன். அடைச்சு வைக்கிறதுக்கு இல்ல, பயமில்லாமத் தூங்க அதுக்குன்னு ஓர் இடம் வேணும். இப்போதைக்கு ராத்திரியில காம்பராவுக்குள்ள (அறைக்குள்ள) கட்டிப் போடுறோம், பிள்ளைகளோட இடம் பத்தல.

வளர்ந்த நாயைப் பழக்கின அண்ணன், அக்காமாரே, கூட்டை முதல்ல எங்க படுக்கைப் பக்கம் வச்சுப் பழக்கி, பிறகு கொஞ்சம் கொஞ்சமா இஸ்தோப்புக்கு நகர்த்தினா சரிவருமா?