முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை: ஆல்பம் கேட்ட அனுபவங்கள்

தொடங்கியவர், கோவை

சில ராக், பாப் ஆல்பங்களைத் தனித்தனிப் பாட்டாகக் கேட்டால் பாதிதான் கிடைக்கும். அடுக்கிய வரிசையில், இடையில் எழுந்து போகாமல் கேட்டால்தான் முழுசாகப் பிடிபடும். அப்படி ஒரு ஆல்பம் உங்கள் கைக்கு எப்படி வந்தது, கேட்டபோது என்ன ஆனது என்று எழுதுங்கள். வெளியான வருடத்திலேயே கேட்டிருக்க வேண்டும் என்றில்லை.

என்னுடையது பீட்டில்ஸின் 'சார்ஜன்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்'. பெரியப்பாவிடம் இருந்த இசைத்தட்டு அது, கல்கத்தா டம்டம் ஆலையில் அச்சானது. இலங்கை வானொலியின் ஆங்கில நிகழ்ச்சிகளைக் கேட்டு வளர்ந்தவர் அவர். தட்டைப் போடுவதற்கு முன்னால் அட்டையைக் கையில் கொடுத்து, "யார் யாரெல்லாம் தெரிகிறார்கள், சொல்லு" என்பார். பீட்டர் பிளேக்கும் ஜான் ஹாவர்த்தும் உருவாக்கிய அந்தக் கூட்டத்தில் யோகானந்தர், யுக்தேஸ்வர், லாஹிரி மகாசயர், பாபாஜி என நான்கு இந்திய குருக்கள் இருக்கிறார்கள். காந்தியும் முதலில் இருந்தார். இந்தியாவில் மனம் புண்படும் என்று இசைத்தட்டு நிறுவனமான இஎம்ஐயின் தலைமை பயந்ததால் அவர் உருவத்தை மறைத்துவிட்டார்கள். பின்னட்டையில் எல்லாப் பாட்டுகளின் வரிகளும் இருக்கும். அதைப் பார்த்தபடியே கேட்பதுதான் பெரியப்பா வீட்டு வழக்கம்.

இரண்டாம் பக்கம் ஜார்ஜ் ஹாரிசனின் 'விதின் யூ விதவுட் யூ' பாட்டோடு ஆரம்பிக்கிறது. தில்ரூபா, தபலா, தம்புரா எல்லாம் லண்டனில் இருந்த இந்தியக் கலைஞர்கள் வாசித்தவை, கூடவே மேற்கத்திய வயலின்கள். இதைத் தனியாகக் கேட்டால் வேறு யாரோ போட்ட பாட்டு மாதிரி இருக்கும். முதல் பக்கத்தின் சர்க்கஸ் இரைச்சல் அடங்கி, தட்டைத் திருப்பிப் போட்டு, ஊசியை வைத்துக் கேட்டால்தான் அது ஏன் அங்கே வந்தது என்று தெரியும். இதையெல்லாம் ஒரே நேரத்தில் நான்கு தடங்கள் (தனித்தனி ஒலிப் பட்டைகள்) மட்டுமே பதிய முடிந்த இயந்திரங்களில் செய்தார்கள். நான்கும் நிரம்பியதும் அவற்றைக் கலந்து இன்னொரு டேப்புக்கு மாற்றி, கிடைத்த இடத்தில் மேலே பதிவார்கள். தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமரிக்கும் இல்லாமல் இந்த ஆல்பம் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

எனக்கு மிகவும் பிடித்த தகவல் ஒன்று. பிரிட்டனில் அதிகாரப்பூர்வமாக வெளியான நாள் 1967 ஜூன் 1. ஜூன் 4 அன்று லண்டன் சாவில் தியேட்டரில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் அதன் முதல் பாட்டை வாசித்துத்தான் தன் கச்சேரியைத் தொடங்கினார். பார்வையாளர்களில் பால் மெக்கார்ட்னி இருந்தார். மூன்றே நாளில்!

ஒலிப்பதிவுத் துறையில் இருப்பவர், சென்னை

அண்ணா, நான்கு தடம் பற்றிச் சொன்னீர்கள், நான் பதினாறு தடத்துக்கு வருகிறேன். பிங்க் ஃபிளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்', 1973 மார்ச். பயிற்சி நிலையத்தில் எங்கள் ஆசிரியர் விளக்கை அணைத்துவிட்டு, எதுவும் சொல்லாமல் முழு ஆல்பத்தையும் ஓடவிட்டார். இதயத்துடிப்பில் ஆரம்பித்து இதயத்துடிப்பிலேயே முடிகிறது. நடுவில் 'டைம்' பாட்டின் தொடக்கத்தில் கடிகாரங்கள் எல்லாம் ஒன்றாக அலறியபோது வகுப்பே திடுக்கிட்டது. ஒலிப்பதிவாளர் ஆலன் பார்சன்ஸ் ஒரு பழம்பொருள் கடையில் கடிகாரங்களை ஒவ்வொன்றாகப் பதிந்து வைத்திருந்தார், பிறகு அவற்றை ஒன்றாகச் சேர்த்தார்கள். 'மனி' பாட்டில் கேட்கும் காசுச் சத்தமும் அப்படித்தான்: டேப்பை அளந்து வெட்டி, ஒட்டி, வளையமாக்கி ஓடவிட்டிருக்கிறார்கள். ஏழு துண்டு, ஏழு எண்ணிக்கை. மிஸ்ர சாபு தாளம் பழகிய காதுக்கு அது உடனே பிடித்துப்போகும்.

ஆனால் என்னை உலுக்கியது 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை'. வார்த்தையே இல்லாமல் பாடிய கிளேர் டோரிக்கு அன்று கிடைத்தது 30 பவுண்டு. ஞாயிற்றுக்கிழமை என்பதால் அது இரட்டைச் சம்பளம். மெட்டு இது, ஸ்வரம் இது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, அந்த இடத்திலேயே அவரே உருவாக்கிப் பாடியது. 2004இல் வழக்குப் போட்டார், 2005இல் சமரசம் ஆனது. அதற்குப் பிறகு வந்த பதிப்புகளில் பாட்டை உருவாக்கியவர்களில் ஒருவராக அவர் பெயரும் இருக்கிறது. முப்பது வருடம் கழித்து! ஸ்டுடியோவில் வந்து பாடிவிட்டு, கையெழுத்துப் போட்டு, பணம் வாங்கிக்கொண்டு போகும் கோரஸ் பாடகிகளை நான் தினமும் பார்க்கிறேன். அதனால் அந்த ஆல்பத்தை எடுக்கும்போதெல்லாம் முதலில் அவர் பெயரைத்தான் தேடுகிறேன்.

மதுரையிலிருந்து

எனக்கு மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்'. 1982 நவம்பரில் வந்தது, எங்கள் தெருவுக்குக் கேசட்டாக வந்து சேர அதற்கு மேலும் ரொம்ப நாள் ஆனது. பக்கத்து வீட்டு அண்ணன் சவூதியிலிருந்து கொண்டுவந்தார். 'பில்லி ஜீன்' தொடக்கத்தில் டிரம்ஸும் பேஸும் மட்டும் வரும் அந்த இடத்துக்காகவே திரும்பத் திரும்ப ரீவைண்ட் செய்வோம்.

பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது: முதலில் வெட்டிய சோதனைத் தட்டு படுமோசமாக இருந்திருக்கிறது. ஒரு பக்கத்தில் நேரம் அதிகமானால் ஊசி ஓடும் பள்ளம் நெருங்கிக்கொள்ளும், சத்தம் மெலியும். மைக்கேல் ஜாக்சனும் தயாரிப்பாளர் குவின்ஸி ஜோன்ஸும் பாட்டுகளின் நீளத்தைக் குறைத்து எல்லாவற்றையும் மறுபடி மிக்ஸ் செய்தார்கள். தட்டின் அளவுதான் அந்த ஆல்பத்துக்கு அவ்வளவு கச்சிதத்தைக் கொடுத்தது என்று நினைக்கிறேன். மொத்தம் ஒன்பது பாட்டு, ஒன்றைக்கூடத் தள்ளிவிட முடியாது. 'பீட் இட்' பாட்டில் எடி வான் ஹேலன் பணம் வாங்காமல் கிட்டார் வாசித்துக் கொடுத்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெங்களூரு

சுருக்கமாகச் சொல்கிறேன். நிர்வானாவின் 'நெவர்மைண்ட்', 1991. ஹாஸ்டலில் சிடியைப் போட்டுவிட்டு எல்லோரும் தூங்கிவிட்டோம். கடைசிப் பாட்டு முடிந்து பத்து நிமிடம் போல அமைதி, அப்புறம் திடீரென்று கிட்டார் இரைச்சல். அறையே எழுந்து உட்கார்ந்தது. அட்டையில் பெயரே போடாமல் ஒளித்து வைத்த 'எண்ட்லெஸ், நேம்லெஸ்' பாட்டு அது. முதலில் அச்சான பிரதிகளில் அது விடுபட்டே போயிருந்தது. சிடியை நிறுத்தாமல் விட்டவர்களுக்கு மட்டும் கிடைத்த பாட்டு!

லண்டனிலிருந்து

எல்லாரும் எழுதினதை வாசிச்சேன், சந்தோசமாக் கிடக்கு. நான் யாழ்ப்பாணத்தில பிறந்து இங்க வந்தவள். எங்கட வீட்டில ஆங்கிலப் பாட்டு எண்டால் அது மற்றாக்களின்ர பாட்டு. 2005இல 'அருளர்' எண்ட பேரில ஒரு இறுவட்டைக் கடையில கண்டன். பாடகி எம்.ஐ.ஏ. தன்ர தகப்பன்ர இயக்கப் பேரையே ஆல்பத்துக்கு வச்சிருந்தா. அட்டையில அவவே வரைஞ்ச படங்கள், அதில தமிழ் எழுத்து. கடைக்குள்ளேயே நிண்டு கனநேரம் அதைப் பார்த்தன். அந்த நேரம் என்ர மனசு எப்பிடி இருந்தது எண்டு எழுத எனக்கு இண்டைக்கும் ஏலாது.

பாட்டுகள் பெரிய ஸ்டுடியோச் சாமான் ஒண்டும் இல்லாமல், ரோலண்ட் எம்சி-505 எண்ட சின்னப் பெட்டியில கட்டத் தொடங்கினவை. இலாஸ்டிகா எண்ட ராக் குழுவின்ர சுற்றுப்பயணத்தில கூடப் பாட வந்த பீச்சஸ் எண்ட பாடகிதான் அந்தப் பெட்டியை அவவுக்கு அறிமுகப்படுத்தினவ. அம்மாவுக்குப் போட்டுக் காட்டினன். "இதென்ன கத்துறாள்" எண்டு சொன்னா, ஆனா எழும்பிப் போகேல்ல.

2007இல வந்த 'கலா' அவவின்ர தாயின்ர பேர். அமெரிக்க விசா இழுபட்டதால ஊர் ஊராப் போய்ப் பதிஞ்சவ, சென்னையும் அதில ஒண்டு. 'போய்ஸ்', 'பேர்ட் ஃப்ளூ' இரண்டிலும் உறுமி கேட்கும். 'பேப்பர் பிளேன்ஸ்' கிளாஷ் குழு 1982இல போட்ட 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' பாட்டின்ர துண்டை எடுத்துக் கட்டினது. குடியேறி வந்த ஆக்களைப் பற்றின பழைய பாட்டு, குடியேறி வந்த ஒரு பிள்ளையின்ர கையில போய்ச் சேர்ந்துது. அந்தப் பாட்டு எல்லாருக்கும் தெரியும். முழு ஆல்பத்தையும் உறுமியிலிருந்து கேட்டுக்கொண்டு வாங்கோ, அப்பதான் அந்தப் பாட்டில வாற துப்பாக்கிச் சத்தம் என்ன சொல்லுது எண்டு விளங்கும்.

கல்லூரி மாணவி, திருச்சி

நான் உங்கள் எல்லோரையும் விடச் சின்னவள். என் தலைமுறைக்கு ஆல்பம் தெரியாது என்று சொல்பவர்களுக்காக இரண்டு விஷயம். 2013 டிசம்பர் 13 அன்று பியான்ஸே முன்னறிவிப்பே இல்லாமல் தன் பெயரிலேயே ஒரு ஆல்பத்தை வெளியிட்டார். 14 பாட்டு, 17 வீடியோ. முதல் ஒரு வாரம் தனிப்பாட்டாக வாங்க முடியாது, முழுசாகத்தான் வாங்க வேண்டும். அப்புறம் 2021இல் அடெல் '30' ஆல்பத்தை வெளியிட்டபோது, ஆல்பத்தைத் திறந்ததும் பாட்டுகளைக் கலைத்துப் போடும் பொத்தான் முன்னால் நிற்கக் கூடாது என்று கேட்டார். ஸ்பாட்டிஃபை அதை மாற்றியது. நான் அக்காவின் போனில் '30' ஆல்பத்தை வரிசையாகக் கேட்டேன். 'மை லிட்டில் லவ்' பாட்டில் தன் மகனோடு பேசியதைப் பதிவாகவே சேர்த்திருக்கிறார். அதற்கு முன்னால் வரும் இரண்டு பாட்டுகளையும் கேட்டுவிட்டு அங்கே வந்தால் தொண்டை அடைக்கிறது.

ஒரு கேள்வி. எழுபதுகளின் பெண்களைப் பற்றி இங்கே இதுவரை யாரும் எழுதவில்லையே? கரோல் கிங்கின் 'டேபஸ்ட்ரி', ஜோனி மிட்செலின் 'ப்ளூ' இரண்டும் 1971. இரண்டும் ஹாலிவுட்டில் ஏ அண்ட் எம் ஸ்டுடியோவில் பதிவானவை, ஜேம்ஸ் டெய்லர் இரண்டிலும் கிட்டார் வாசித்திருக்கிறார். இவற்றை அந்தக் காலத்தில் தட்டாகவோ கேசட்டாகவோ வைத்திருந்தவர்கள் யாராவது இருந்தால் அடுத்து எழுதுங்கள், காத்திருக்கிறேன்.