மீசையைப் பிடித்துக் கரப்பானை நடத்திப் போன குளவி: வடசென்னையில் நாம் பார்த்த பூச்சித் தின்னிகள்

வியாசர்பாடியிலிருந்து

வடசென்னை என்றால் புகை, குப்பைமேடு, கொசு என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். இங்கே பூச்சியைப் பிடித்துத் தின்று பிழைக்கும் உயிர்கள் எவ்வளவு இருக்கின்றன என்பது, கொஞ்சம் நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பறவையோ, பல்லியோ, செடியோ, எதுவானாலும் சரி, நீங்கள் நேரில் பார்த்ததை எழுதுங்கள். நான் பார்த்ததை முதலில் சொல்கிறேன்.

எங்கள் வீட்டுப் பின்பக்கம் துணி துவைக்கிற கல், அதை ஒட்டிச் சாக்கடை மூடி. ஒரு மத்தியானம் பாத்திரம் கழுவப் போனபோது மூடி ஓரத்தில் மயில்கழுத்து நிறத்தில் ஏதோ மின்னியது. குளவி. இரண்டு சென்டிமீட்டர் இருக்கும். நடுக்கால், பின்னங்கால் தொடைகள் மட்டும் நல்ல சிவப்பு. அதைவிடப் பெரிய கரப்பான் ஒன்றின் மீசையை வாயில் கவ்விக்கொண்டு பின்னோக்கி நகர்ந்தது. கரப்பான் தன் காலாலேயே நடந்து கூடவே போனது. தொட்டாலே பறந்தடித்து ஓடுகிற கரப்பான், தாம்புக்கயிற்றில் கட்டிய மாடு மாதிரி அமைதியாகப் போனதைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

கிட்டப் போய்ப் பார்த்தால், கரப்பானின் இரண்டு மீசையும் பாதிதான் இருந்தன. சுவர் அடியில் செங்கல் பெயர்ந்த பொந்து. குளவி முதலில் தான் நுழைந்து, பிறகு கரப்பானை உள்ளே இழுத்தது. கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து, சின்னச் சின்னக் கல்லும் காரைத் துணுக்குமாகப் பொறுக்கி வாயிலை அடைத்தது. ஒரு கல் பொருந்தவில்லை என்று அதை எடுத்துப் போட்டுவிட்டு வேறு கல் தேடிப் போனது.

அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன். இதன் பெயர் ஆம்புலெக்ஸ் கம்ப்ரெஸ்ஸா. பெண் குளவி கரப்பானை இரண்டு முறை கொட்டும். முதல் கொட்டு நெஞ்சில். அதனால் முன்னங்கால்கள் சில நிமிடம் துவண்டுபோகும். கரப்பான் திமிற முடியாத அந்த நேரத்தில் இரண்டாவது கொட்டு தலைக்குள், குறி பார்த்து மூளையிலேயே. அதன்பிறகு கரப்பானுக்கு நடக்கத் தெம்பு இருக்கும், தானாகக் கிளம்ப வேண்டும் என்ற உந்துதல்தான் போய்விடும். குளவி பொந்து தேடிப் போகிற அரை மணி நேரமும் அது நின்ற இடத்திலேயே நின்று உடம்பைச் சுத்தம் செய்துகொண்டிருக்கும். திரும்பி வந்த குளவி மீசையைப் பாதியாக நறுக்கி, கசிகிற நீரைக் குடித்துவிட்டு, மிச்ச மீசையைப் பிடித்து நடத்திப் போகும். உள்ளே கரப்பானின் கால் அடியில் ஒரே ஒரு முட்டை. பொரித்த புழு முதலில் வெளியிலிருந்து உறிஞ்சும், பிறகு உடம்புக்குள் புகுந்து தின்னும், அங்கேயே கூடு கட்டும். வெளியே வருவது புதுக் குளவி.

1941-ல் கரப்பானை ஒழிக்க இதை ஹவாய் தீவுகளுக்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். பெரிதாகப் பலன் இல்லை. ஒரு குளவி இடும் முட்டைகள் கொஞ்சம்தான், ஒவ்வொன்றும் தனக்கென்று ஓர் எல்லையை வைத்துக்கொள்ளும். அதனால் இதை நம்பிச் சாக்கடையைத் திறந்துபோட முடியாது என்பது உண்மைதான். இருந்தாலும் எங்கள் பின்பக்கத்தில் மருந்து அடிப்பதை நிறுத்திவிட்டோம். அடித்தால் முதலில் போவது இந்தக் குளவிதான்.

எண்ணூரிலிருந்து

நான் முகத்துவாரத்துப் பக்கம். எங்களுக்குப் பஞ்சுருட்டான் என்ற பறவைதான் கண்ணில் படும் உறவுக்காரன். பச்சை உடம்பு, கண்ணுக்குக் கறுப்பு மை தீட்டியது போல ஒரு கோடு, வாலில் ரெண்டு கம்பி நீண்டிருக்கும். கரண்டு கம்பியில் உட்கார்ந்திருக்கும். திடீரென்று பாய்ந்து ஒரு சுற்றுச் சுற்றி, அதே இடத்துக்கு வந்துவிடும். வாயில் தேனீயோ தும்பியோ இருக்கும்.

தேனீ கிடைத்தால் அதன் வேலையைப் பார்க்க வேண்டும். அலகின் நுனியில் குறுக்காகப் பிடித்து, கம்பியில் டக் டக்கென்று தலையை அடிக்கும். பிறகு பிடியை மாற்றி, வால் பக்கத்தைக் கம்பியில் அழுத்தித் தேய்க்கும். கொடுக்கும் விஷமும் அதில் போய்விடும். தேய்க்கும்போது கண்ணை மூடிக்கொள்ளும், நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அதன்பிறகுதான் மேலே தூக்கி விழுங்கும். தட்டானுக்கு இந்தத் தேய்ப்பு இல்லை, அடி மட்டும்தான். எதில் கொடுக்கு இருக்கிறது, எதில் இல்லை என்று அதற்குத் தெளிவாகத் தெரிகிறது.

கால்வாய்க் கரை மண்மேட்டில் வளை தோண்டி முட்டையிடும். வளை ஐந்தடி நீளம்கூடப் போகும். வாயில் இரையோடு வந்த பறவை, நான் நிற்பதைப் பார்த்தால் வளைக்குள் போகாது. கம்பியிலேயே உட்கார்ந்து கத்திக்கொண்டிருக்கும். நான் படகு மறைவுக்குப் போனதும் சட்டென்று நுழைந்துவிடும். ரெண்டு இடமும் வளையிலிருந்து ஒரே தூரம்தான், நான் நிற்கும் இடத்திலிருந்து வளை தெரிகிறதா என்பதுதான் கணக்கு. இதையே மிலிந்த் வாட்வே என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் சோதித்துப் பார்த்து 2002-ல் எழுதியிருக்கிறார்கள் என்று பின்னால் அறிந்தேன். ஆள் நிற்கும் இடத்திலிருந்து வளை தெரிந்தால் பறவை தயங்குகிறது, தெரியாவிட்டால் தயக்கம் குறைகிறது. எதிராளியின் கண்ணுக்கு எது தெரியும் என்று ஒரு சின்னப் பறவை யோசிக்கிறது, பாருங்கள்.

போன சித்திரையில் பொக்லைன் வந்து அந்தக் கரையைச் சமன் செய்துவிட்டது. வளைகளில் குஞ்சு இருந்த நேரம். வேலைக்கு வந்தவர்களிடம் ரெண்டு மாதம் பொறுக்கச் சொல்லிக் கேட்டோம், அவர்கள் கையில் அது இல்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

காசிமேட்டிலிருந்து

சின்னதாக ஒன்று சொல்லிவிடுகிறேன். மூஞ்சூறை எலி என்று நினைத்து அடிக்காதீர்கள். அது எலி இனமே இல்லை. அரிசி மூட்டையைக் கடிக்கிற பல்லும் அதற்கு இல்லை. ராத்திரி சுவர் ஓரமாகக் கீச் கீச்சென்று ஓடுவது கரப்பானையும் பாச்சையையும் தேடித்தான். நாற்றம் அடிக்கும், உண்மை. ஆனால் ஒருமுறை வலைக் குவியலுக்கு அடியிலிருந்து தாயும் குட்டிகளும் ரயில் போல வரிசையாகப் போனதைப் பார்த்தேன். முதல் குட்டி தாயின் பின்புறத்தைக் கவ்வியிருந்தது, அடுத்தது முன்னால் போன குட்டியை. ஒன்றுகூடப் பிடியை விடவில்லை. பார்த்த பிறகு யாருக்கும் அதன்மேல் துடைப்பத்தை ஓங்க மனசு வராது.

மணலியிலிருந்து

செடி பற்றி யாரும் எழுதவில்லையே. நான் எழுதுகிறேன்.

சோழவரம் தாண்டி வயல்களுக்கு நடுவே ஒரு குட்டை. வடகிழக்குப் பருவமழை முடிந்து தண்ணீர் தெளிந்த நேரம். பாசி போல ஏதோ மிதந்தது, அதிலிருந்து தண்ணீருக்கு மேலே மெல்லிய காம்பில் மஞ்சள் பூக்கள். பள்ளிப் புத்தகத்தில் படம் பார்த்த, பூச்சி தின்னும் நீர்ச்செடி யூட்ரிகுலேரியா என்று பூவை வைத்துத்தான் சந்தேகம் வந்தது. ஒரு கொத்தை மெதுவாகக் கண்ணாடிப் புட்டியில் தண்ணீரோடு அள்ளி லென்ஸ் வைத்துப் பார்த்தேன். வேர் கிடையாது. மயிர் மயிரான இலைகளுக்கு நடுவே கடுகைவிடச் சின்னப் பைகள். சில பைகள் கண்ணாடி போல இருந்தன, சில கறுத்திருந்தன. கறுத்தவற்றுக்குள் நீர்ப்பூச்சியின் ஓடு தெரிந்தது.

பை வேலை செய்யும் விதம் இதுதான். உள்ளே இருக்கும் தண்ணீரைச் செடி விடாமல் வெளியே இறைத்துக்கொண்டே இருக்கும். அதனால் பையின் பக்கச் சுவர்கள் உள்வாங்கி ஒட்டிக் கிடக்கும். வாயில் ஒரு கதவு, கதவில் நாலைந்து மயிர். நீந்தி வரும் பூச்சி அந்த மயிரில் பட்டால் கதவு திறந்து, சுவர்கள் விரிந்து, தண்ணீரோடு பூச்சியும் உள்ளே போய்விடும். எல்லாம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில். கண்ணால் பிடிக்கவே முடியாது. இப்போது இருந்த பூச்சி அடுத்த கணம் இல்லை, அவ்வளவுதான். பிறகு அரை மணி நேரத்துக்குள் தண்ணீரை இறைத்து மறுபடியும் தயாராகிவிடும். 1875-ல் பூச்சி தின்னும் செடிகளுக்கென்றே தனி நூல் எழுதிய டார்வின்கூட, பூச்சி தானே முட்டித் தள்ளி உள்ளே நுழைகிறது என்றுதான் நினைத்தார். பை உறிஞ்சுகிறது என்பது பின்னால் தெரிந்தது.

பூச்சி தின்ன வேண்டிய அவசியம் தழைச்சத்தும் மணிச்சத்தும் குறைந்த தண்ணீரில் வாழ்வதால் வந்தது. இதை யோசித்தால் வயிற்றெரிச்சலாக இருக்கிறது. குட்டையில் சாக்கடை கலந்து சத்து ஏறிப்போனால் ஆகாயத்தாமரை வந்து மேலே மூடிவிடும், வெளிச்சம் இல்லாமல் இந்தச் செடி போய்விடும். நான் பார்த்த குட்டைக்குப் பக்கத்தில் இருந்த இன்னொரு குட்டையில் கட்டட இடிபாட்டைக் கொட்டி மேடாக்கிவிட்டார்கள். அதில் என்னென்ன இருந்தது என்று யாரும் பார்த்திருக்கக்கூட மாட்டார்கள்.

கொளத்தூரிலிருந்து

நான் பார்த்தது நம் பக்கம் இல்லை, நீலகிரியில். புல்வெளியில் தண்ணீர் கசியும் ஈரத்தில் டிரோசிரா என்ற பூச்சி தின்னும் செடி. ஒரு சாண் உயரம், பிறை போல இலை, இலை முழுக்கச் சிவப்பு மயிர், ஒவ்வொரு மயிர் நுனியிலும் ஒரு சொட்டுப் பசை. ஒரு சின்ன ஈ ஒட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி இருந்த மயிர்கள் மட்டும் அதன் பக்கம் வளைந்திருந்தன, தள்ளி இருந்தவை நிமிர்ந்தே நின்றன.

புத்தகத்தில் வரும் குடுவைச் செடி நெப்பந்தஸ், நம் நாட்டில் இயற்கையாக இருப்பது மேகாலயா மலைப்பகுதியில்தான். நர்சரியில் தொட்டியில் தொங்குவது பெரும்பாலும் கலப்பினம்.

திருவொற்றியூரிலிருந்து

மணலி அக்கா, அந்த மஞ்சள் பூச் செடியைக் கொண்டுவந்து எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் போட்டால் கொசு ஒழியுமா? சாயந்திரம் ஆனால் வாசலில் உட்கார முடியவில்லை. அந்தக் குட்டையையும் ஒருநாள் பார்க்க வேண்டும்.

மணலியிலிருந்து

தம்பி, தொட்டியில் போடாதே. புதிதாகப் பொரித்த குட்டிப் புழுவைத்தான் அந்தப் பை விழுங்கும். வளர்ந்த கொசுப்புழு பெரிது, வாலோடு மாட்டிக்கொண்டு பாதி வெளியே கிடக்கும். குளோரின் கலந்த தண்ணீரிலும் சிமென்ட் தொட்டியிலும் செடி தேறாது, வீணாகச் செத்துப்போகும்.

நம் வீடுகளில் கொசு எங்கிருந்து வருகிறது என்று பார். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், மூடாத டிரம் போன்றவற்றில் முட்டையிடும். மலேரியா பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபன்சி மொட்டைமாடித் தொட்டியிலும் கிணற்றிலும் வளரும். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால் தொட்டிக்கு இடைவெளி இல்லாமல் மூடி, காற்றுக்குழாய்க்கு மெல்லிய வலை. டிரம்மை வாரம் ஒருமுறை கவிழ்த்தால் மட்டும் போதாது, உள்பக்கச் சுவரை நார் வைத்துத் தேய்க்க வேண்டும். ஏடிஸ் முட்டை நீர்மட்டத்துக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கும், மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் தண்ணீர் பட்டதும் பொரிக்கும்.

குட்டையைப் பார்க்கத் தை மாதத்தில் வா. அதற்குப் பிறகு தண்ணீர் வற்றத் தொடங்கிவிடும். வரப்பில் இறங்கும் முன் வயல்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். செடியைப் பிடுங்காமல் புட்டியில் அள்ளிப் பார்த்துவிட்டு அதே தண்ணீரில் விட்டுவிடலாம். லென்ஸ் நான் கொண்டுவருகிறேன்.