டெல்லியில் உங்களை நின்று பார்க்க வைத்த கட்டடம் எது?

கரோல்பாக்வாசி:
ஊரிலிருந்து யார் வந்தாலும் செங்கோட்டை, குதுப்மினார், மலை மந்திர் என்று ஒரே சுற்றுதான். இப்போது வந்திருக்கிற தங்கை மகன் ஆர்க்கிடெக்சர் படிக்கிறான். "மாமா, ராஜாக்கள் கட்டினது போதும், சுதந்திரத்துக்கு அப்புறம் கட்டினதைக் காட்டுங்க" என்கிறான். லோட்டஸ் டெம்பிளைத் தவிர எனக்கு ஒன்றும் வாயில் வரவில்லை. இங்கேயே குப்பை கொட்டுகிறவர்கள் சொல்லுங்களேன். படித்தது வேண்டாம், நேரில் பார்த்தபோது உங்களுக்கு என்ன ஆச்சு என்பதைச் சொல்லுங்கள்.

பழைய சைட் இன்ஜினியர்:
லோட்டஸ் டெம்பிளை அவ்வளவு லேசாக விடாதீர்கள் சார். எல்லோரும் வெளியே போட்டோ எடுத்துவிட்டு, உள்ளே ரெண்டு நிமிஷம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். உள்ளே போனால் தலையைத் தூக்கிப் பாருங்கள். வெளியேதான் பளிங்கு. உள்ளே பூச்சே இல்லாத கான்கிரீட், வளைந்து வளைந்து உச்சிக்குப் போகும். 27 இதழ். 1980-ல் ஆரம்பித்து 1986-ல் முடித்தார்கள். வடிவமைத்தவர் ஃபரிபோர்ஸ் சாபா, ஈரான்காரர். கட்டியது நம்ம எல் அண்ட் டி இ.சி.சி. இதழில் ஜாயின்ட் தெரியக்கூடாதென்று ராத்திரி பகல் நிறுத்தாமல் கான்கிரீட் போட்டிருக்கிறார்கள். கூடையில் சுமந்து படியேறியவர்கள் பெண்கள்.

ஒரு சன்ஷேடை ஜாயின்ட் தெரியாமல் போடுவதற்குள் எங்கள் சைட்டில் நாக்கு தள்ளிவிடும். முதல்முறை அங்கே உட்கார்ந்தபோது பிரார்த்தனை எதுவும் தோன்றவில்லை. "இதுக்கு எப்படிடா ஷட்டரிங் அடிச்சீங்க?" என்றுதான் மனசு கேட்டது. ஷட்டரிங் என்றால் கான்கிரீட் வார்க்க அடிக்கிற அச்சு. சுற்றியிருக்கிற ஒன்பது குளமும் வெறும் அழகுக்கு இல்லை. தண்ணீரைத் தொட்டு வரும் காற்று கீழ்த்தளம் வழியாக உள்ளே ஏறி, சூடானதும் உச்சி வழியாக வெளியேறுகிற ஏற்பாடு. அன்றிலிருந்து ஷட்டரிங் கார்பென்டர் யாரைப் பார்த்தாலும் எனக்குத் தனி மரியாதை.

மயூர்விஹார் மாமி:
என் ஓட்டு லோதி ரோடு ஹாபிடட் சென்டருக்கு. கச்சேரிக்குப் போகிறோமே ஸ்டெயின் ஆடிட்டோரியம், அந்த ஜோசப் ஸ்டெயின்தான் வளாகம் முழுவதையும் வடிவமைத்தவர். அமெரிக்காக்காரர், ஐம்பதுகளில் இந்தியா வந்து இங்கேயே தங்கிவிட்டார். இடைவேளையில் காப்பியோடு முற்றத்துக்கு வந்தால் தலைக்கு மேலே நீலச் சட்டங்கள், கட்டடத்துக்குக் கட்டடம் பந்தல் போட்ட மாதிரி. ஜூன் வெயிலில் ஆட்டோவிலிருந்து இறங்கி அதன் கீழே வந்ததும் உடம்புக்கே வித்தியாசம் தெரியும். இந்த ஊரில் எதையும் வாங்காமல் நிழலில் உட்கார ஒரு இடம் கிடைப்பது லேசா? சில நாள் பாட்டு சுமாராக இருந்தாலும் முற்றத்துக்காகவே போகிறேன். பாடுகிறவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

டிடிஇஏ பழைய மாணவன்:
நான் சொல்லப்போவதை இனிமேல் யாரும் பார்க்க முடியாது. பிரகதி மைதான் ஹால் ஆஃப் நேஷன்ஸ்.

நவம்பரில் டிரேட் ஃபேர் வந்தால் அப்பா நேரே தமிழ்நாடு அரங்குக்குத்தான் கூட்டிப்போவார். ஊறுகாய், முறுக்கு, அம்மாவுக்கு ஒரு சுங்குடிச் சேலை. எனக்கும் தங்கைக்கும் எப்போதடா அந்த முக்கோணக் கட்டடத்துக்குப் போவோம் என்றிருக்கும். உள்ளே ஒரு தூண் கிடையாது. சுவர், கூரை எல்லாமே கான்கிரீட் கம்பங்கள் பின்னிய வலை. கடைகளுக்கு நடுவே தரையில் வெளிச்சம் துண்டு துண்டாக விழுந்து கிடக்கும். நிழலை மிதித்தால் அவுட் என்று விளையாடுவோம், அப்பா ஸ்வெட்டரைப் பிடித்து இழுப்பார்.

பிறகு தேடிப் படித்தேன். ராஜ் ரேவல் வடிவமைப்பு, ஸ்ட்ரக்சர், அதாவது கட்டடம் தாங்கி நிற்கிற கணக்கு, இன்ஜினியர் மகேந்திர ராஜ், 1972-ல் ஏஷியா 72 கண்காட்சிக்காகக் கட்டியது. இந்த மாதிரி வலையை மற்ற நாடுகளில் இரும்பில் செய்வார்கள். நமக்கு அப்போது இரும்புத் தட்டுப்பாடு, ஆள் பலத்துக்குக் குறைவில்லை. அதனால் கான்கிரீட்டிலேயே வார்த்துவிட்டார்கள். அவ்வளவு பெரிய அளவில் கான்கிரீட்டில் அதுதான் உலகத்திலேயே முதல். கையில் இருப்பதை வைத்து இப்படியும் செய்யலாமா என்று எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

2017 ஏப்ரலில் டெல்லித் தமிழர்கள் எல்லார் கண்ணும் ஜந்தர் மந்தரில் இருந்தது. நம்ம விவசாயிகள் மண்டை ஓட்டோடு உட்கார்ந்திருந்த நேரம். போராட்டத்தை நிறுத்திவைத்தது 23-ஆம் தேதி. அன்று ராத்திரியோடு ராத்திரியாக பிரகதி மைதானில் புல்டோசர். 60 வருஷம் ஆகாததால் பாரம்பரியக் கட்டடம் என்ற கணக்கில் வரவில்லை. காலையில் செய்தி பார்த்துத் தங்கைக்கு போன் போட்டேன், ரெண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை.

இப்போது அங்கே பாரத் மண்டபம் என்ற மாநாட்டு மையம். முன்னால் சுவாமிமலையில் வார்த்த 27 அடி நடராஜர். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை, எனக்கும்தான். ஆனால் அவ்வளவு பெரிய மைதானத்தில் ரெண்டுக்கும் இடம் இல்லையா என்ன?

முனிர்காவாசி:
மகேந்திர ராஜ் பேர் வந்ததால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் கிராந்தி மார்கில் என்.சி.டி.சி., அதாவது தேசியக் கூட்டுறவு வளர்ச்சிக் கழக ஆபீஸ். ஊரே பைஜாமா பில்டிங் என்றுதான் சொல்லும். ரெண்டு கால் கீழே அகன்று நின்று மேலே போய்ச் சேரும். வடிவமைத்தவர் குல்தீப் சிங், ஸ்ட்ரக்சர் அதே மகேந்திர ராஜ்தான். ஜந்தர் மந்தர் எதிரே இருக்கிற பாலிகா கேந்திரா, நியூ டெல்லி முனிசிபல் ஆபீஸ், அதுவும் இதே ஜோடி. மேனேஜர் முகத்தை நினைத்து வயிறு கலங்கிக்கொண்டு பஸ்ஸில் போகும்போது பைஜாமா வந்தால் சிரித்துவிடுவேன். அரசு ஆபீசுக்கு இப்படி ஒரு குசும்பு, எந்தப் புண்ணியவான் கையெழுத்துப் போட்டாரோ!

கரோல்பாக்வாசி:
பையனுக்குப் படித்துக் காட்டினேன். ஹால் ஆஃப் நேஷன்ஸை காலேஜில் ஸ்லைடில் காட்டினார்களாம். நிழல் விளையாட்டைக் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. திங்கட்கிழமை லோட்டஸ் டெம்பிள், அப்படியே பைஜாமா என்று முடிவு பண்ணியிருக்கிறோம்.

பழைய சைட் இன்ஜினியர்:
திங்கள் லோட்டஸ் டெம்பிள் லீவு சார். செவ்வாய் போங்கள். கல்காஜி மந்திர் மெட்ரோவில் இறங்கி நடந்துவிடலாம்.