ஆஞ்சியோபிளாஸ்டியில் (பலூனால் ரத்தக்குழாயை விரிக்கும் சிகிச்சையில்) அடைத்திருந்த கொழுப்பு எங்கே போகிறது?

கேள்வி:
இதயத்தின் முன்பக்கத்துக்கு ரத்தம் தரும் எல்.ஏ.டி. ரத்தக்குழாயில் கொழுப்பு படிந்து 80 சதவீத அடைப்பு என்று வைத்துக்கொள்வோம். பலூனை ஊதி ஸ்டென்ட் (விரியும் உலோக வலைக்குழாய்) வைத்ததும் ‘அடைப்பை எடுத்துவிட்டோம்’ என்கிறார்கள். உண்மையில் எதையாவது வெளியே எடுக்கிறார்களா? ஸ்டென்ட் இடம் நகராதா?

பதில் 1:
பெரும்பாலும் எதையும் வெளியே எடுப்பதில்லை. ‘எடுத்துவிட்டோம்’ என்பது பேச்சு வழக்கு. கொழுப்புப் படிவு அங்கேயேதான் இருக்கிறது. பலூன் அதை விரிசல்விடச் செய்து, குழாயின் சுவரை வெளிப்பக்கமாக விரிக்கிறது. மாரடைப்பில் புதிதாக உறைந்த ரத்தக்கட்டியைச் சில சமயம் உறிஞ்சி எடுப்பார்கள், அது வேறு.

மணிக்கட்டில் மரத்துப்போக ஊசி போட்டு, அங்குள்ள ரேடியல் தமனியில் உறை எனும் சிறு குழாயைச் செருகுவார்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஹெபாரின் மருந்து கொடுப்பார்கள். அதன் வழியே 2 மி.மீ. பருமனுள்ள கதீட்டர் எனும் நீண்ட குழாய் மகாதமனி வரை போய், இதயக் குழாயின் வாயில் உட்காரும். அதற்குள்ளிருந்து 0.36 மி.மீ. கம்பி, கிட்டத்தட்ட தையல் நூல் பருமன், அடைப்பைத் தாண்டிச் செல்லும். பலூன், ஸ்டென்ட் எல்லாம் இந்தக் கம்பியின் மேல்தான் ஓடும். அதனால்தான் கடைசிப் படம் எடுத்துப் பார்க்கும்வரை கம்பியை உருவமாட்டார்கள். சுவர் கிழிந்து குழாய் மூடிக்கொண்டால், திரும்ப உள்ளே போக அது ஒன்றுதான் வழி.

பலூனில் காற்று அடைப்பதில்லை. எக்ஸ்ரேயில் தெரியும் சாய மருந்தும் உப்புநீரும் கலந்து நிரப்புவார்கள். பலூன் வெடித்தாலும் குழாய்க்குள் காற்று போய்விடக் கூடாது. ஸ்டென்ட்டை விரிக்கும் அழுத்தம் பொதுவாக 10 முதல் 16 அட்மாஸ்பியர். கார் டயரில் இருப்பது ஏறக்குறைய 2தான். ஊதியிருக்கும் அந்த 10–30 விநாடிகள் ரத்த ஓட்டம் நின்று நெஞ்சு அழுத்தலாம். பலூனைச் சுருக்கியதும் குறைந்துவிடும். குறையாவிட்டால் உடனே சொல்ல வேண்டும், பொறுத்துக்கொண்டு படுத்திருக்கக் கூடாது.

ஸ்டென்ட் நகராது. ஒருமுறை விரிந்த உலோகம் திரும்பச் சுருங்காது, சுவரில் அழுந்தி நின்றுவிடும். சில மாதங்களில் அதன்மேல் மெல்லிய திசு படர்ந்து மூடிவிடும்.

பதில் 2:
மேலே சொன்னதோடு ஒன்று. பின்னால் வரும் தொல்லைகளில் பல, ஸ்டென்ட் முழுதாக விரியாததால் வருபவை. படிவில் சுண்ணாம்புச் சத்து இறுகிப்போயிருந்தால் பலூன் இருபுறமும் உப்பி, நடுவில் இடுப்பு மாதிரி ஒடுங்கி நிற்கும். அந்த நிலையில் ஸ்டென்ட்டை வைத்துவிட்டால் பிறகு சரிசெய்வது மிகக் கடினம். முதலில் வைரத்துகள் பதித்த சிறு முனையைச் சுழலவிட்டு அரைக்க வேண்டும், அல்லது அதிர்வலை பலூனால் சுண்ணாம்பை உடைக்க வேண்டும். ஐவஸ் (ஒலியலைப் படம்) அல்லது ஓ.சி.டி. (ஒளிப் படம்) மூலம் குழாயின் உள்ளே பார்த்து அளந்து வைப்பது நல்லது. சாய மருந்து செலுத்தி எடுக்கும் வெறும் ஆஞ்சியோ எக்ஸ்ரே படம் நிழல்தான். சுவரின் தன்மையைக் காட்டாது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. குழாய் திறந்துவிட்டது என்றால் ரத்தம் உறையாமல் தடுக்கும் இரண்டு மாத்திரைகள் எதற்கு? பல் பிடுங்க வேண்டியிருந்தால் நிறுத்தலாமா?

பதில் 1:
நீங்களாக நிறுத்தவே கூடாது. திசு மூடும்வரை ரத்தத்துக்கு ஸ்டென்ட் வெற்று உலோகம்; ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்ளும். ஸ்டென்ட்டில் பூசிய மருந்து, தழும்புத் திசு மிகையாக வளர்ந்து குழாய் மறுபடி சுருங்காமல் தடுக்கிறது. அதே மருந்து மூடுதிசு படர்வதையும் தாமதப்படுத்துகிறது. அந்த இடைவெளிக்குத்தான் ஆஸ்பிரினோடு குளோபிடோக்ரல் அல்லது டிகாக்ரெலார். மறுசுருக்கம் மெதுவாக, நடக்கும்போது நெஞ்சுவலி என்று வரும். ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைவது நிமிடங்களில் மாரடைப்பாக வரும்.

பொதுவாக மாரடைப்புக்குப் பின் 12 மாதம், மாரடைப்பு இல்லாத நிலையான அடைப்புக்கு 6 மாதம் இரண்டும் தொடரும். ரத்தக்கசிவு அபாயம் உள்ளவர்களுக்கு மருத்துவர் குறைப்பார். அதன்பின் ஒரு மாத்திரையாவது தொடரும்.

ஒரு பல் பிடுங்கப் பெரும்பாலும் நிறுத்தத் தேவையில்லை. பஞ்சு வைத்து அழுத்தியும் தையல் போட்டும் கசிவை நிறுத்திவிடலாம். பல் மருத்துவரிடம் ஸ்டென்ட் வைத்த தேதியை முதலிலேயே சொல்லுங்கள்.

பதில் 2:
டிகாக்ரெலார் தினம் இரண்டு வேளை. இரவு மாத்திரையை மறப்பவர்கள் அதிகம். சிலருக்கு அதில் மூச்சு வாங்குவது போலிருக்கும். அதற்காக விட்டுவிடாமல் மருத்துவரிடம் சொன்னால் மாற்றித் தருவார். குளோபிடோக்ரல் சாப்பிடுபவர் வயிற்றெரிச்சலுக்குத் தானாக ஒமெப்ரசோல் வாங்கிப் போடக் கூடாது, அது குளோபிடோக்ரலின் வேலையைக் குறைக்கும். பான்டோபிரசோல் ஏற்றது.