வெடிக்குப் பயந்து ஒளிந்த பூனை: உங்கள் வீட்டில் எப்படித் தேறியது?

மல்லிகை, வெள்ளவத்தை:
டிசம்பர் 31 இரவு வெடி தொடங்கியதும் எங்கள் சிண்டு அலுமாரிக்குப் பின்னால் போய்விட்டாள். கொழும்பில் இருக்கிறவர்களுக்கு அந்தச் சத்தத்தைச் சொல்லத் தேவையில்லை. மடியில் வைத்துத் தடவினால் அடங்குவாள் என்று நினைத்து நான் கையை விட்டு இழுத்தேன். நகம் பலகையைக் கீறிக்கொண்டு வந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. காது தலையோடு ஒட்டி, கண் முழுக்கக் கறுப்பாகி, என்னை யாரென்றே தெரியாதவள் போலப் பார்த்துவிட்டு மணிக்கட்டில் கடித்தாள். கடித்தது பரவாயில்லை, அந்தப் பார்வைதான் மனதை விட்டுப் போகுதில்லை. இன்றைக்கு மூன்றாம் நாள். இரவில் வந்து சாப்பிடுகிறாள், என் கையைக் கண்டால் கட்டிலுக்கு அடியில் ஓடுகிறாள்.

கடற்காற்று, தெஹிவளை:
தங்கச்சி, முதலில் கடிபட்ட இடத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி டாக்டரிடம் காட்டுங்கள், பூனைக்கடி வெளியே சின்னதாகத் தெரியும், உள்ளே சீழ் பிடிக்கும், விசர்நோய்த் தடுப்பூசி பற்றியும் கேளுங்கள். என் பூனை ஓட்டோவில் மிருக வைத்தியரிடம் போய்வந்த அன்று குளியலறை வாளிக்குப் பின்னால் பதுங்கியது. பக்கத்தில் என் பழைய சாரத்தைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன், விடியப் பார்த்தால் அதன்மேல் படுத்து முன்காலை நக்கிக்கொண்டிருந்தது. ஒளிவதே தன்னைத் தேற்றிக்கொள்ளத்தான், குழப்பாதீர்கள். காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளை வைத்து நெதர்லாந்தில் செய்த ஆய்வு 2014இல் வந்தது, ஒளியப் பெட்டி கிடைத்தவை மற்றவற்றைவிடச் சீக்கிரம் பதற்றம் தணிந்தன. ஒரு காட்போட் பெட்டி போதும். அவள் கன்னம் தேய்த்த துணியைத் துவைக்காதீர்கள், அவளுடைய மணம் அதில்தான் இருக்கிறது. முறைத்துப் பார்க்காமல் கண்ணை மெதுவாக மூடித் திறங்கள், பல பூனைகள் பதிலுக்கு அப்படியே செய்யும். தானாக வரும்வரை விட்டுவிடுங்கள்.

கருங்கடுவன், கொட்டாஞ்சேனை:
அண்ணை, விட்டுவிடுங்கள் என்பதோடு நிறுத்தாதீர்கள். வீடு மாறிய கிழமை என் கடுவனை அப்படி விட்டுத்தான் சாகக் கொடுக்கப் பார்த்தேன். சிறுநீர் கழிக்க வைத்த மண் தட்டில் ஏறி, முதுகைக் கூனி உட்கார்ந்து, ஒரு சொட்டும் வராமல் அனுங்கினான். புது வீட்டுப் பயம் என்று படுத்துவிட்டேன். காலையில் வாந்தி, அடிவயிறு கல்லுப்போல. பதற்றத்தால் சிறுநீர்ப்பை அழன்று கடுவன்களுக்கு வழி அடைபடும், ஒன்றிரண்டு நாளில் உயிர் போய்விடும் என்று வைத்தியர் சொன்னபோது எனக்குக் கால் நடுங்கியது. குழாய் விட்டுத்தான் எடுத்தார்கள். அந்த மேசையிலும் அவன் சந்தோஷத்தில் போலத் தொண்டைக்குள் குறுகுறுத்துக்கொண்டுதான் கிடந்தான், பூனை வலியிலும் குறுகுறுக்கும், அதை நம்ப வேண்டாம். ஒளியட்டும், ஆனால் சாப்பாட்டுக் கோப்பையையும் மண்ணையும் தினமும் பாருங்கள். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் வைத்தியரைக் கேளுங்கள், பட்டினி நீண்டால் ஈரல் கெடும்.

மல்லிகை, வெள்ளவத்தை:
வாசித்த உடனே போய் மண்ணைக் கிளறினேன், ஈரக்கட்டி இரண்டு இருந்தது. கை இன்று காலை காட்டிவிட்டேன், ஊசி போட்டார்கள். இப்போது பெட்டியை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்திருக்கிறேன், கட்டிலுக்கு அடியிலிருந்து மூக்கு மட்டும் தெரிகிறது.